கண்ணாடி துடைக்கும் கம்பில் ஃபிட்டிங் இறுகிவிட்டால்: குழாயைக் காப்பாற்றிக் கழற்றும் வழி

கேள்வி சுருக்கமாக இதுதான். ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் அலுவலகங்களுக்கும் கடற்கரை வீடுகளுக்கும் கண்ணாடி துடைத்துக் கொடுக்கும் ஒருவர், தண்ணீர் ஓடும் கார்பன் ஃபைபர் கம்பு ஒன்று வைத்திருக்கிறார். மழைக்காலம் முழுக்க அறையில் சாத்தி வைத்திருந்துவிட்டு இப்போது எடுத்தால் மூன்று இடங்களில் பிடித்துக்கொண்டிருக்கிறது. உச்சிக் குழாய்க்குள் செருகிய அலுமினியத் துண்டு வெளியே வரவில்லை. பிரஷ்ஷுக்குத் தண்ணீர் போகும் பித்தளை கனெக்டர் அலுமினிய மரையில் இறுகிவிட்டது. நடுவில் இரண்டு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. டபிள்யூடி-40 என்ற ஸ்பிரே எண்ணெயை அடித்துப் பார்த்துவிட்டார். கேஸ் டார்ச் வைத்துச் சூடு காட்டலாமா என்று கேட்கிறார்.

டார்ச் வேண்டாம். கையில் எடுத்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: எதை இழக்கத் தயார்? இந்த மூன்று இடத்திலும் விலை உயர்ந்த பொருள் கார்பன் குழாய்தான். அலுமினியத் துண்டும் பித்தளை கனெக்டரும், நீட்டிய குழாயைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கிளாம்பும் திரும்ப வாங்கக்கூடியவை. ஃபிட்டிங்கைக் காப்பாற்றப் போய்க் குழாயை நசுக்கிக்கொண்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஃபிட்டிங் போனால் போகட்டும் என்று மனத்தளவில் ஒப்புக்கொண்டுவிட்டால், பாதி வேலை நிதானமாகிவிடும்.

இப்போது, ஏன் பிடித்தது என்று பார்க்கலாம். இரும்பு துருப்பிடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அலுமினியம் அப்படிச் சிவப்பாகத் துருவேறாது என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அதோடு அலுமினியம் ஒட்டி உட்கார்ந்து, இடையில் உப்புத் தண்ணீரும் இருந்தால் அங்கே ஒரு பேட்டரி உருவாகிவிடும். அந்தப் பேட்டரியில் கரைவது எப்போதும் அலுமினியம்தான், கார்பனுக்கு எதுவும் ஆகாது. கரைந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறும். அந்தப் பொடி, தான் உருவான உலோகத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். இடைவெளியே இல்லாத இடத்தில் ஆப்பு அடித்ததுபோல் அது போய் இறுகிக்கொள்ளும். போயிங் 787 விமானத்தில் கார்பன் பாகங்களைத் தொடும் பல இடங்களில் அலுமினியத்தை விட்டு விலை கூடிய டைட்டானியத்துக்குப் போனதற்கு இந்த அரிப்பு ஒரு முக்கியக் காரணம். கடற்காற்று அடிக்கும் ஈ.சி.ஆரில் கம்பை நனைந்தபடியே மூலையில் சாத்திவைத்தால் இது நடந்தே தீரும்.

இதோடு நம் ஊர்த் தண்ணீரும் சேர்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 2000 வரை அனுமதிக்கிறது. கடலோர போர்வெல்களில் பல அந்த மேல் எல்லையையும் தாண்டுபவை. கண்ணாடிக்கு ஆர்.ஓ. தண்ணீர் விட்டிருப்பீர்கள். ஆனால் வேலை முடிந்ததும் கம்பைக் கழுவியது எந்தத் தண்ணீரில் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்துக் குழாயில் வரும் உப்புத் தண்ணீராகத்தான் இருக்கும். அது காய்ந்து சுண்ணாம்பாகவும் உப்பாகவும் மரைக்குள் தங்கிவிடும்.

டபிள்யூடி-40 ஏன் வேலை செய்யவில்லை என்றால், அதன் பெயரிலேயே இருப்பது தண்ணீரை விலக்கும் வேலை. 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில், ஈரத்தை விலக்கித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டது அது. அட்லஸ் ஏவுகணையின் மேல்தோலைக் காப்பதற்கு முதலில் பயன்பட்டது. லேசாகப் பிடித்த இரும்பு நட்டை விடுவிக்கும், சரி. ஆனால் உப்பையும் சுண்ணாம்பையும் எந்த எண்ணெயும் கரைக்காது. மாறாக, எண்ணெய் முதலில் புகுந்துவிட்டால் அதன்பின் தண்ணீர் உள்ளே போகவே வழியில்லை. அதனால் வரிசை முக்கியம். முதலில் தண்ணீர், அடுத்து வினிகர், கடைசியில்தான் எண்ணெய். நீங்கள் ஏற்கெனவே அடித்துவிட்டதால், பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த இடத்தை நன்றாகக் கழுவி எண்ணெயை எடுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில், ஆர்.ஓ. தண்ணீராக இருந்தால் இன்னும் நல்லது, ஓர் இரவு ஊறட்டும். வெறும் உப்பால் பிடித்ததாக இருந்தால் காலையில் கையாலேயே திரும்பிவிடும். திரும்பாவிட்டால் சமையலுக்கு விற்கும் வெள்ளை வினிகரைத் துணியில் நனைத்துச் சுற்றி, சில மணி நேரம் விடுங்கள். சுண்ணாம்பு கரையும்போது மரை ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை வரும். நுரை நின்றதும் கழுவிவிடுங்கள். வினிகரில் நாள் கணக்கில் ஊறப்போட்டால் அலுமினியமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பிக்கும்.

கழிவறை ஆசிட்டையும், அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவையும் யார் சொன்னாலும் தொடாதீர்கள். இரண்டும் அலுமினியத்தை வேகமாகக் கரைக்கும். அந்த நேரத்தில் சூடும், தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். இறுகிய அலுமினிய சீட் கம்பியை இரும்பு சைக்கிளிலிருந்து எடுக்கக் காஸ்டிக் பயன்படுத்தும் மெக்கானிக்குகள் உண்டு. அது முகக்கவசமும் கையுறையும் போட்டுத் திறந்தவெளியில் செய்யும் வேலை. ரெசின், அதாவது இழைகளைப் பிணைக்கும் பிசின், கலந்த கார்பன் குழாயில் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

சரி, சூட்டுக்கு வருவோம். இங்கேதான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். சூடு காட்டினால் விரியும், விரிந்தால் விடும் என்பது, வெளியே இருக்கும் பொருள் அதிகமாக விரியும்போதுதான் உண்மை. உங்கள் கம்பில் அலுமினியம் உள்ளே இருக்கிறது, கார்பன் வெளியே இருக்கிறது. அலுமினியம் ஒரு டிகிரிக்குத் தன் அளவில் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். சுற்றுவட்டத்திலும் இழை ஓடும் நல்ல கார்பன் குழாய் அதோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சம்தான் விரியும். ஆகவே சூடு காட்டினால் உள்ளே இருக்கும் அலுமினியம் பருத்து இன்னும் இறுகும், குழாயை உள்ளிருந்து பிளக்கவும் பார்க்கும். உங்களுக்கு வேண்டியது குளிர்ச்சி. 30 மி.மீ. விட்டமுள்ள அலுமினியத் துண்டை 50 டிகிரி குளிர்வித்தால் அது சுமார் 0.035 மி.மீ. சுருங்கும். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் வெள்ளைப் பொடி படலம் விரிசல் விட அது போதும். ஐஸ் கட்டியை உடைத்து உப்புக் கலந்தால் பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழே வரை போகும். அந்தக் கலவையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அலுமினியத்தின் மேல் வையுங்கள். உப்பு நேரடியாக உலோகத்தில் படக்கூடாது. துண்டு உள்ளே பொள்ளலாக இருந்தால் ஒல்லியான பையாகக் கட்டி உள்ளேயே நுழைத்துவிடலாம். அரை மணி நேரம் வைத்து, எடுத்தவுடன் திருப்பிப் பாருங்கள். அசையவில்லையா? சாதாரணச் சூட்டுக்கு வரவிட்டு மறுபடி குளிர்வியுங்கள். ஒரே தடவையில் கிடைக்காதது நாலைந்து சுற்றில் கிடைக்கும்.

இதே அலுமினியம் வளையமாகக் குழாயின் வெளியே மாட்டியிருந்தால் கணக்கு மாறும். அங்கே வெந்நீர்த் துணி சுற்றினால் வளையம் விரிந்து விடும். ஒட்டப்பட்ட ஃபிட்டிங்குக்கும் சூடுதான் வேண்டும். சில கம்பெனிகள் இந்தத் துண்டை எபாக்சி பசையால் ஒட்டித்தான் அனுப்புகின்றன. குழாயின் விளிம்பில், அலுமினியமும் கார்பனும் சேரும் கோட்டில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் அரிப்பு. கண்ணாடிபோல் கெட்டியாக, பளபளப்பாக இருந்தால் பசை. பசை என்றால் மென்மையாகும் வரை சூடு காட்டி, சூடாக இருக்கும்போதே திருப்ப வேண்டும்.

ஆனால் எவ்வளவு சூடு? கார்பன் குழாயும் எபாக்சியால் ஆனதுதான். பசை இளகும் சூட்டுக்கு மேல் கொஞ்சம் போனால் குழாயின் ரெசினே இளகிவிடும். எந்த அளவில் இளகும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அதனால் கொதிநீரை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு ஊற்றினாலும் அது 100 டிகிரியைத் தாண்டாது. அதிலும் 70, 80 டிகிரியில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள். குழாயின் மேல் நகத்தை அழுத்தினால் தடம் விழுகிறது என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். டார்ச்சின் சுடரும் ஹீட் கன்னும் பல நூறு டிகிரியில் வேலை செய்பவை. அந்தச் சூட்டில் ரெசின் கருகி இழை பிரிந்துவிடும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாமலும் போகலாம். மேலே நீட்டிப் பிடிக்கும் நாளில்தான் ஒடியும்.

திருப்புவதற்கு முன் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். ஸ்டிக்கர் அல்லது டேப்புக்குக் கீழே ஒரு ரிவெட்டோ, தலையில்லாத சின்ன ஸ்க்ரூவோ இருக்கலாம். டார்ச் லைட்டைச் சாய்வாக அடித்து, விரலால் சுற்றித் தடவினால் மேடு தட்டுப்படும். இருந்தால் ரிவெட்டின் தலையை மட்டும் டிரில்லில் எடுத்துவிட்டு, மிச்சத்தை உள்ளே தள்ளுங்கள்.

குழாயை வைஸில் நேரடியாகக் கடிக்க விடாதீர்கள். கார்பன் குழாய் நீளவாக்கில் எவ்வளவு பலமானதோ, பக்கவாட்டில் நசுக்கினால் அவ்வளவு பலவீனமானது. உள்ளே சரியான அளவில் ஒரு மரக்கட்டையைச் செருகி, வெளியே பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, அரைவட்டமாகக் குடைந்த இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே பிடியுங்கள். ஃபிட்டிங் பக்கம் பைப் ரெஞ்சுக்குப் பதில், பட்டையால் சுற்றிப் பிடிக்கும் பெல்ட் ரெஞ்ச் போதும். முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழை அளவு தள்ளிப் பாருங்கள், அடுத்து கழற்றும் பக்கம். இப்படி முன்னும் பின்னுமாக அசைத்தால் பொடி நொறுங்கும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் விட்டுவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு எண்ணெய் விடலாம், இப்போது அது உள்ளே போகும். சுழற்றிக்கொண்டே இழுங்கள். சுழலாமல் நேராக இழுத்தாலும் சுத்தியால் அடித்தாலும் குழாயின் வாய் பிளந்துவிடும்.

எதற்கும் மசியவில்லை என்றால் அறுத்து எடுக்க வேண்டியதுதான். துண்டு பொள்ளலாக இருந்தால் ஹேக்சா பிளேடை மட்டும் ஃபிரேமிலிருந்து எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, உள்ளிருந்து நீளவாக்கில் ஒரு கோடு அறுங்கள். விழும் தூளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். வெள்ளியாக மினுங்கினால் அது அலுமினியம், தொடரலாம். சாம்பல் நிறம் மங்கி, கறுப்பு மாவு கலக்க ஆரம்பித்த கணத்தில் நிறுத்துங்கள், பிளேடு கார்பனைத் தொட்டுவிட்டது. நல்ல வெளிச்சமும், தூளைத் தட்டிப் பார்க்க ஒரு வெள்ளைக் காகிதமும் இருந்தால் இந்த நிற மாற்றம் தெளிவாகத் தெரியும். முழுசாக அறுக்க வேண்டிய அவசியம் இல்லை. மெல்லிய தோல்போல் மிச்சம் விட்டு, எதிர்ப்பக்கமும் ஒரு கோடு போட்டு, சின்ன உளியால் உள்பக்கமாக மடக்கினால் துண்டு சுருங்கி வந்துவிடும். முகமூடி கட்டாயம். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, இழைச் சிம்புகள் தோலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். தூளை ஈரத்துணியால் துடையுங்கள், ஊதித் தள்ள வேண்டாம்.

பித்தளை கனெக்டர் இதைவிடச் சுலபம். பித்தளை உள்ளே, அலுமினியம் வெளியே என்பதால் இங்கே சூடு உதவும். பித்தளை பத்து லட்சத்தில் 19 பங்கு விரியும், அலுமினியம் 23. வித்தியாசம் சிறிசு என்பதால் ஒரே சூட்டில் எதிர்பார்க்காதீர்கள். அலுமினியப் பக்கம் வெந்நீர் ஊற்றி, பித்தளையின் நடுவில் ஐஸ் தண்ணீரை ஓடவிட்டால் பலன் கூடும். இரண்டு ஸ்பானர் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒரே ஸ்பானரில் செய்தால் திருகும் விசை முழுக்க பிரஷ்ஷின் பிளாஸ்டிக் கழுத்துக்குப் போய் அது முறியும். எண்ணெயில் அசிட்டோன் கலந்து விடும் பட்டறை வழக்கம் ஒன்று உண்டு. இரும்பில் நன்றாக வேலை செய்யும். பிரஷ்ஷின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அசிட்டோனில் கரையும் என்பதால் இங்கே வேண்டாம். கனெக்டரில் மாட்டிய ஹோஸ் வராவிட்டால் இழுக்காதீர்கள். பம்பை நிறுத்தி, வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு, ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி உரித்துவிடுங்கள். ஹோஸில் நாலு விரல் நீளம் போகும், அவ்வளவுதான்.

நடுவில் மாட்டிய இரண்டு குழாய்களுக்கு வருகிறேன். இரண்டுமே கார்பன் என்பதால் சூட்டுக் கணக்கு இங்கே செல்லாது. பெரும்பாலும் நுண்மணலும் சுண்ணாம்பும்தான் காரணம். கம்பைச் செங்குத்தாக நிறுத்தி, இடைவெளியில் சோப்புத் தண்ணீரை ஊற்றி ஊறவிடுங்கள். பிறகு ஒருவர் மேல் குழாயையும் இன்னொருவர் கீழ்க் குழாயையும் பிடித்து எதிரெதிராகச் சுழற்றுங்கள். சில கம்புகளில் குழாய் சுழலாமலிருக்க உள்ளே ஒரு பள்ளமோ வரம்போ இருக்கும், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் சுழற்ற வேண்டாம், கொஞ்சம் அசைத்துக்கொண்டே தள்ளுங்கள். அடிமூடியைக் கழற்றிவிட்டால் காற்று போகவர வழி கிடைக்கும், வெற்றிடம் பிடித்திருந்தாலும் விட்டுவிடும். கிளாம்பு முழுதாகத் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிளாம்புகள் பலவும் நைலான். நைலான் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நைலான் 6 என்ற வகை தண்ணீரிலேயே கிடந்தால் தன் எடையில் 9 சதவீதத்துக்குக் கிட்ட உறிஞ்சிப் பருத்துவிடும். மழைக்காலம் முழுக்க ஈரத்தில் இருந்த கிளாம்பு நெம்புகோலைத் திறந்தும் குழாயை விடாமல் பிடித்திருந்தால், நிழலில் ஃபேன் காற்றில் சில நாள் காயவிடுங்கள். தானாகவே தளரும்.

எல்லாம் கழன்றதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்து மாட்டிவிடாதீர்கள். ஒரு நாணயத்தால் குழாயை நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று இருக்கும். உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் மொத்தையாகக் கேட்கும். அப்படிக் கேட்டால் அந்தப் பகுதியை உயரத்தில் பயன்படுத்தக் கூடாது. அடுத்து, கம்பை முழுதாக நீட்டித் திறந்த மைதானத்தில் ஒவ்வொரு கிளாம்பையும் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். நழுவினால் அந்தக் கிளாம்பை மாற்றுங்கள். கீழே ஆள் நடக்கும் இடத்தில் நாலாவது மாடி உயரத்திலிருந்து பிரஷ் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மின்கம்பி இருக்கும் பக்கம் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளவே வேண்டாம். அலுமினியத்தை அரித்த அதே மின்கடத்தும் குணம், கம்பி உரசினால் கம்பைப் பிடித்திருப்பவரின் உயிரை எடுக்கும்.

இனி பிடிக்காமலிருக்க என்ன செய்யலாம்? வேலை முடிந்ததும் ஆர்.ஓ. தண்ணீரில் கழுவி, குழாய்களைத் தனித்தனியாக உருவி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். இதை மட்டும் தவறாமல் செய்தாலே பெரும்பாலும் பிடிக்காது. அலுமினியமும் கார்பனும் சேரும் இடத்தில் இரண்டும் நேரடியாகத் தொடாதபடி ஒரு படலம் இருக்க வேண்டும். அலுமினியத் துண்டின் மேல் மெல்லிய எபாக்சிப் பூச்சு கொடுத்துக் காயவைத்துவிட்டு மாட்டலாம். மரைக்கு டெஃப்ளான் டேப் போதும். கிராஃபைட் கலந்த பேஸ்ட் மட்டும் வேண்டாம், அதுவும் கார்பன்தான், அரிப்பைக் கூட்டும். ரப்பர் வளையம் இருக்கும் இடத்தில் வண்டி கிரீஸ் தடவாமல் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். ஆனால் கிளாம்பு பிடிக்கும் குழாய்ப் பரப்பில் எந்த வழவழப்பும் படக்கூடாது. பார்க்கப் பளபளப்பாக இருக்கிறதென்று குழாய் முழுக்க சிலிகான் ஸ்பிரே அடிப்பவர்கள் உண்டு, அடுத்த நாளே கம்பு நழுவும்.

புதுத் துண்டு வாங்கும்போது பழையதை அளந்து ஆர்டர் கொடுக்காதீர்கள். அரித்துப்போன அலுமினியத்தின் அளவு நம்பத்தக்கது அல்ல. குழாயின் உள்விட்டத்தை வெர்னியரில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையில் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் குழாயின் வாய் ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது. அந்த முனையில் நசுங்கிய அளவை மட்டும் அறுத்துவிட்டு, அறுத்த விளிம்பை எபாக்சியால் மூடிய பிறகு மறுபடி அளந்து, அந்த அளவைச் சொல்லி வாங்குங்கள்.